தேய்ந்த தார், தேயாத டயர்

2024 மே மாதம், இரண்டு வார இடைவெளியில் அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயங்கள் இரண்டு பார்த்தேன். முதலாவது மே 5, கான்சாஸ். வீட்டுக் கூடத்தில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் கடைசிச் சுற்றில் எழுந்து நின்றேன், முடிந்த பிறகும் உட்காரத் தோன்றவில்லை. கைல் லார்சனும் கிறிஸ் பியூஷரும் கதவோடு கதவு உரசிக் கோட்டைத் தாண்டினார்கள். திரையில் முதலில் வந்தது பியூஷர் பெயர். பிறகு படத்தை நிறுத்திப் பார்த்து, லார்சன் என்று மாற்றினார்கள். வித்தியாசம் 0.001 விநாடி. 1949இல் தொடங்கிய, நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் தொடரில் இதைவிட நெருக்கமான முடிவு இருந்ததில்லை. இரண்டாவது மே 19, நார்த் வில்க்ஸ்பரோ. சாம்பியன் பட்டக் கணக்கில் சேராத ஆல் ஸ்டார் போட்டி. ஜோயி லொகானோ 200 சுற்றில் 199 சுற்று முன்னால் இருந்து ஜெயித்தார். அன்றைக்கு நூறாவது சுற்றிலேயே என் கை போனைத் தேடிப் போய்விட்டது.

இதில் தூக்கம் கெட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கான்சாஸ் ஒன்றரை மைல் ஓவல், அதாவது முட்டை வடிவத் தளம். நாஸ்காரைக் கெடுத்ததே அந்த வகைத் தளங்கள்தான் என்று பத்து வருடமாக யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நார்த் வில்க்ஸ்பரோவோ முக்கால் மைல்கூட இல்லாத பழைய சின்னத் தளம். அதைத் திறக்க வேண்டும், அதைப் போன்றவற்றை அட்டவணையில் கூட்ட வேண்டும், ஒன்றரை மைல் தளங்களைக் குறைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்த மே மாதம் என் கட்சி தோற்றது. தோற்றது பிரச்சினை இல்லை. ஏன் தோற்றது என்று சொல்ல முடியவில்லை, அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

பத்து வருடக் கோபம்

நான் வேலைக்காக வட கரோலினாவின் கான்கார்டுக்கு வந்தது 2011இல். சார்லட் மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் இருந்தாலும் அந்தத் தளம் இருப்பது எங்கள் ஊரில்தான். மே கடைசியில் 600 மைல் பந்தயம் நடக்கும் ஞாயிறு மாலை, கொல்லைப்புறத்தில் நின்றால் காற்று அடிக்கும் பக்கத்தைப் பொறுத்து அந்த உறுமல் கூடும், குறையும். முதல் வருடம் ஏதோ தொழிற்சாலை ஓடுகிறது என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வேலி ஓரம் வந்து, "வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காதே, அடுத்த வருடம் என்னோடு வா" என்றார். எண்பதுகளில் ஒரு பந்தய அணியில் டயர் மாற்றும் வேலை பார்த்தவர். வலது கை விரல் முட்டிகள் ஐந்தும் இன்றும் வீங்கித்தான் இருக்கின்றன. எனக்கு இந்தப் பந்தயத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

நான் வந்து சேர்ந்த காலம்தான் ஒன்றரை மைல் தளங்களின் உச்சகாலம். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து மயாமி பக்கம் ஹோம்ஸ்டெட், லாஸ் வேகாஸ், டெக்சாஸ், கென்டக்கி, கான்சாஸ், சிகாகோலேண்ட் என்று வரிசையாகக் கட்டினார்கள். எல்லாம் பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில், ஏராளமான இருக்கைகளோடு, ஏறக்குறைய ஒரே நீளத்தில். ரசிகர்கள் ஒரே அச்சில் வார்த்த தளங்கள் என்று திட்டினார்கள். 2015 வாக்கில் சாம்பியன் பட்டத்துக்குக் கணக்காகும் புள்ளிப் பந்தயங்கள் ஆண்டுக்கு 36, அவற்றில் 11 இந்த வகையில் நடந்தன. சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிப் பத்துப் பந்தயங்களில் ஐந்து இவை. வாரத்துக்கு வாரம் ஊர் மாறும், படம் மாறாது. முன்னால் ஓடுபவனுக்குச் சுத்தமான காற்று, பின்னால் வருபவனுக்கு அவன் கலக்கிவிட்ட காற்று. கலங்கின காற்றில் கார் தரையைப் பிடிக்காது, பிடிக்காத காரால் முந்த முடியாது.

கோபத்துக்கு இன்னொரு காரணம் இருந்தது, அது காற்றைவிடக் கனமானது. அந்தப் புதுத் தளங்களுக்குப் பந்தயத் தேதி வானத்திலிருந்து விழவில்லை. யாரிடமிருந்தோ எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். நார்த் வில்க்ஸ்பரோவை நிறுவியவர்களில் ஒருவரான ஈனாக் ஸ்டேலி 1995இல் இறந்ததும், வேறு தளங்களுக்குச் சொந்தக்காரர்களான புரூட்டன் ஸ்மித்தும் பாப் பாரேயும் ஆளுக்குப் பாதியாக அதை வாங்கினார்கள். வாங்கியது தளத்துக்காக இல்லை, அதற்கு இருந்த இரண்டு தேதிகளுக்காக. ஒன்று டெக்சாஸுக்குப் போனது, இன்னொன்று நியூ ஹாம்ப்ஷயருக்கு. 1996 செப்டம்பர் 29 அன்று ஜெஃப் கார்டன் ஜெயித்ததோடு கேட்டைப் பூட்டினார்கள். 2004இல் வட கரோலினாவின் இன்னொரு தளமான ராக்கிங்ஹாமின் தேதியும் போனது. அதே ஆண்டு தென் கரோலினாவின் டார்லிங்டன், 1950 முதல் தன்னுடையதாக இருந்த தொழிலாளர் தின வார இறுதியைக் கலிஃபோர்னியாவின் ஃபோன்டானாவுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஒரு சின்ன ஊருக்கு வருடத்தில் ஒரு வாரம் திருவிழா. அந்தத் தேதியைப் பிடுங்கினால் ஊரே காலியாகிவிடும். அந்த வாரத்தை நம்பித்தான் வாடகை அறை நடத்துகிறவர், பன்றிக்கறி சாண்ட்விச் போடுகிறவர், தேவாலய மைதானத்தில் பார்க்கிங் பணம் வசூலித்துக் கூரை மாற்றுகிறவர் எல்லாரும் இருந்தார்கள்.

கலவை என்பது புதுக் கேள்வி இல்லை

என்ன வகைத் தளம், எத்தனை பந்தயம் என்ற சண்டை இந்த விளையாட்டோடு பிறந்தது. டேட்டோனாவில் 1958 வரை கப் பந்தயம் நடந்தது பாதி கடற்கரை மணலில், பாதி கரையோரத் தார்ச் சாலையில். அடுத்த ஆண்டே 31 டிகிரி சாய்வுள்ள இரண்டரை மைல் தளம் வந்துவிட்டது. ரிச்சர்ட் பெட்டியின் காலத்தில் ஓட்டுநர் ஒரு வாரம் அரை மைல் மண் தளத்தில் ஓடுவார், மறுவாரம் பெரிய தளத்தில், இடையில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் வளைந்து நெளியும் சாலைத் தளத்தில். கடைசி மண் பந்தயம் 1970 செப்டம்பரில் ராலேயில் நடந்தது, ஜெயித்தவர் பெட்டி. அதற்குப் பிறகு சிகரெட் கம்பெனிப் பணம் வந்தது. 1971இல் 48 பந்தயமாக இருந்த அட்டவணை 1972இல் 31 ஆனது, 250 மைலுக்குக் குறைந்தவற்றைக் கழித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனியை நாஸ்காரிடம் கூட்டிக்கொண்டு போனவர் ஜூனியர் ஜான்சன், வில்க்ஸ் கவுண்டிக்காரர், கள்ளச்சாராயம் ஓட்டிப் பழகிய கையால் 50 கப் பந்தயம் ஜெயித்தவர். அன்று அவர் திறந்த கதவு வழியாக வந்த பெரும்பணம்தான் பின்னால் அவர் சொந்தக் கவுண்டித் தளத்தையும் தின்றது. இதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

2021இல் பெரிய மாற்றம் வந்தது. கென்டக்கி, சிகாகோலேண்ட் இரண்டும் வெளியே. ஆஸ்டின், ரோடு அமெரிக்கா, இண்டியானாபொலிஸ் உள்தளம் (ஓவலின் உள்பக்கம் வளைந்து ஓடும் சாலைத் தளம்) எல்லாம் சேர்ந்து சாலைத் தளங்கள் ஒரே ஆண்டில் ஏழாயின. சின்னத் தளமான பிரிஸ்டலின் கான்கிரீட்டின் மேல் மண்ணைக் கொட்டி அரை நூற்றாண்டுக்குப் பிறகு மண் பந்தயம் வைத்தார்கள். 2022இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்துக்குள் கால் மைல் தளம் போட்டார்கள். 2023இல் சிகாகோ நகரத் தெருவில் ஓடினார்கள். அந்த வருடம் மே மாதம் நார்த் வில்க்ஸ்பரோ கப் கார்களுக்குத் திறந்தது. நான் கேட்டதெல்லாம் கிடைத்த காலம் அது. ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் வேலி ஓரம் போய்ப் பெரியவரிடம் சொல்வேன். "சரி, டயர் யார் தருகிறார்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை வயதானவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிடுவேன்.

கையை வைத்துப் பார்த்தது

2023 மே 21. கான்கார்டிலிருந்து நார்த் வில்க்ஸ்பரோவுக்கு ஒன்றரை மணி நேரம். காலையிலேயே கிளம்பினோம். பெரியவர் அங்கே கடைசியாகப் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பியதும் அந்தப் பழைய சிவப்புக் கூரைக் கட்டடங்கள் தெரிந்தன. அவர் வண்டியின் ஜன்னலை இறக்கிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். பல வருடம் புல் முளைத்துக் கிடந்த இடம். 2019 டிசம்பரில் முன்னாள் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் செடிகளை வெட்டித் தளத்தைச் சுத்தம் செய்தார். கணினி விளையாட்டுக்காக அதை அளந்து வைக்க வேண்டும், இடிவதற்குள் உருவத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். பிறகு மாநில அரசு கொரோனா நிவாரண நிதியிலிருந்து 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. துருப்பிடித்த விளம்பரப் பலகைகளை அப்படியே விட்டு, மற்றதைச் சரிசெய்தார்கள்.

பந்தயத்துக்கு முன் உள்ளே நடக்க அனுமதிச் சீட்டு கிடைத்திருந்தது. தளம் தட்டை இல்லை. முன் நேர்ப்பகுதி இறக்கம், பின் நேர்ப்பகுதி ஏற்றம். டிவியில் அது தெரியாது, நடந்தால் கெண்டைக்கால் சொல்லும். பெரியவர் மூன்றாம் வளைவுக்குப் பக்கத்தில் குனிந்து உள்ளங்கையைத் தாரில் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். 1981இல் போட்ட தார். வெயிலும் பனியும் நாற்பது வருடம் தின்று, பிசின் போய், ஜல்லி மட்டும் பல் பல்லாக வெளியே நின்றது. நிறமும் கறுப்பு இல்லை, சாம்பல். கையை எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தது. எனக்குச் சட்டென்று அம்மி ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒருமுறை "அம்மி கொத்தலையோ அம்மி" என்று ஒருவர் வருவார். தேய்ந்து வழுவழுத்துப்போன அம்மியை உளியால் கொத்திவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் அம்மா அரைக்கும் தேங்காய்த் துவையல் பாதி நேரத்தில் அரைந்துவிடும். கொத்தாத அம்மியில் எவ்வளவு பலம் போட்டு இழுத்தாலும் தேங்காய் வழுக்கிக்கொண்டுதான் போகும். பெரியவருக்கு இதை விளக்கினேன். அவருக்கு அம்மி தெரியாது, ஆனால் உடனே புரிந்துகொண்டார். "சரியாகச் சொன்னாய். இந்தக் கல்லில் அரைபடுவது டயர்" என்றார்.

தார்த் தளத்தில் அம்மி தலைகீழாக நடந்துகொள்ளும் என்பதையும் அவர்தான் சொன்னார். அம்மி புதுசில் சொரசொரப்பு, பழகப் பழக வழுவழுப்பு. தார் புதுசில் வழுவழுப்பு, வயதாக ஆகத்தான் சொரசொரப்பு. புதுத் தாரில் பிடிமானம் அதிகம். எல்லாரும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓடுவார்கள். வேகம் கூடினால் சூடு கூடும், டயர் வெடிக்கக் கூடாது என்று டயர்க் கம்பெனி கடினமான கலவையைக் கொண்டுவரும். கடின டயர் தேயாது. தேயாவிட்டால் முதல் சுற்றில் வேகமாக இருந்தவன் நாற்பதாவது சுற்றிலும் வேகமாகவே இருப்பான். பழைய தாரில் டயர் அரைபடும். டார்லிங்டனில் நாற்பது ஐம்பது சுற்று ஓடின டயரில் ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடிக்கு மேல் இழக்கிறார்கள். அப்போதுதான் யார் டயரைச் சேமித்தான், யார் அவசரப்பட்டான், யார் மேல் பாதையைத் தேடிப் போனான் என்பதெல்லாம் வெளியே வரும். முந்துதல் என்பது அங்கேதான் பிறக்கிறது.

அன்றைய பந்தயத்தில் லார்சன் ஆரம்பத்தில், டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பாதையில் வேகம் மீறித் தண்டனை வாங்கிப் பின்னால் போய், திரும்ப வந்து, கடைசி 145 சுற்றும் முன்னால் ஓடிப் பத்து லட்சம் டாலர் ஜெயித்தார். சுவாரசியமான பந்தயம் என்று சொல்ல முடியாது. எனக்கு அன்று அது உறைக்கவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள், நானும் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்தத் தாரைப் பெயர்த்துவிட்டுப் புதுத் தார் போட்டார்கள். போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது, பழையது பிய்ந்துகொண்டு வந்தது. அந்தக் கறுப்புத் தாரின் மேல்தான் லொகானோ 199 சுற்று முன்னால் ஓடினார்.

ஒரே பிரிஸ்டல், இரண்டு பந்தயம்

மே மாதக் குழப்பம் தெளிந்தது செப்டம்பரில். 2024 மார்ச் 17 அன்று பிரிஸ்டலில் நடந்ததை இந்தப் பந்தயம் பார்க்கிறவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டயர் ரப்பர் வழக்கம்போலக் கான்கிரீட்டில் படியாமல் உதிர்ந்து குவிந்தது. நாற்பது ஐம்பது சுற்றிலேயே டயர் உள்நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்தது. ஓட்டுநர்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓடினார்கள். முன்னணி 54 முறை கைமாறியது, சின்னத் தளங்களில் அது சாதனை. கடைசியில் ஜெயித்தவர் டென்னி ஹாம்லின், அந்த மாதிரித் தேய்மானத்தில் சின்ன வயதிலிருந்து ஓடிப் பழகிய ஆள். அதே ஆண்டு செப்டம்பர் 21. அதே பிரிஸ்டல், அதே 500 சுற்று, அதே கார்கள். லார்சன் 462 சுற்று முன்னால் ஓடி ஏழு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்த முறை டயர் தேயவில்லை.

அந்த சனிக்கிழமை இரவு டிவியை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் வீட்டு விளக்கும் எரிந்தது. மறுநாள் காலை அவர் கார் கொட்டகையிலிருந்து ஒரு பழைய பந்தய டயர்த் துண்டும், ஒரு சின்ன அளவுகோலும், தீய்ந்த கைப்பிடி போட்ட ஒரு சுரண்டியும் எடுத்துவந்தார். பந்தய டயரில் கோடு கிடையாது, வழவழவென்றிருக்கும். உற்றுப் பார்த்தால் குறுக்கே குண்டூசித் தலை அளவில் குழிகள் வரிசையாக இருக்கும். காரிலிருந்து கழற்றிய டயரில் ஒட்டியிருக்கும் குப்பை ரப்பரைத் தீச்சுடரால் சூடாக்கிச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் அளவுகோலின் ஊசியை விட்டு எவ்வளவு தேய்ந்தது என்று பார்ப்பார்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று தனித்தனியாகக் குறிப்பார்கள். அவர் என் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். உள்விளிம்பில் குழியே இல்லை, தேய்ந்து மறைந்துவிட்டது. வெளிவிளிம்பில் ஊசி ஆழமாக இறங்கியது. "இந்தத் துண்டை வைத்தே அந்த ஓட்டுநர் அன்றைக்கு என்ன செய்தான் என்று சொல்லிவிடலாம்" என்றார். "நீங்களெல்லாம் தளத்தின் நீளத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். நாங்கள் இந்தக் குழியைத்தான் பார்ப்போம்."

தளக் கலவையைப் பற்றி நான் பத்து வருடம் பேசியதில் இந்தக் குழி இல்லை. என் கணக்கு வெறும் நீளக் கணக்கு: ஒன்றரை மைல் எத்தனை, முக்கால் மைல் எத்தனை, சாலைத் தளம் எத்தனை. 2022இல் கப் தொடருக்கு வந்த நெக்ஸ்ட் ஜென் என்ற புது வகைக் கார் அந்தக் கணக்கையே புரட்டிப்போட்டது. டயர் அகலம் கூடியது, பிரேக் பெரிதானது, பின் சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் வந்தது, உடல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆனது. பெரிய வளைவுகளில் பக்கத்தில் ஒட்டி ஓடினாலும் பழைய கார் போலச் சறுக்கிக்கொண்டு போகாததால் ஒன்றரை மைல் தளங்களில் பந்தயம் உயிர்பெற்றது. அதே காரைச் சின்னத் தளத்துக்குக் கொண்டுபோனால், பிரேக் பிடிக்கும் தூரம் குறைந்து, வளைவில் கியர் மாற்றித் தவறைச் சமாளித்து, எல்லாரும் ஒரே வேகத்தில் ரயில் பெட்டிபோல ஓடுகிறார்கள். அதாவது சின்னத் தளங்களைக் கூட்டச் சொல்லி நாங்கள் குரல் கொடுத்த அதே நேரத்தில், சின்னத் தளத்துக்கு ஒவ்வாத காரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஃபோன்டானா சொல்லும் கதை

கான்சாஸுக்கு மறுதார் போட்டது 2012இல். நான் டிவிக்கு முன்னால் எழுந்து நின்ற அன்று அந்தத் தாருக்கு வயது பன்னிரண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய அட்டவணைகளை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். அதில் என்னை மிகவும் வருத்தியது ஃபோன்டானா. டார்லிங்டனின் தேதியை வாங்கிக்கொண்ட அந்த இரண்டு மைல் தளத்தை நான் மனதார வெறுத்தவன். 1997இல் திறந்த தாரை அவர்கள் மாற்றவே இல்லை. கலிஃபோர்னியா வெயில் அதைக் கால் நூற்றாண்டு காய்ச்சியது. இணைப்புகள் விரிந்தன, மேடுபள்ளம் விழுந்தது, டயர் தின்றது. சுவரோரம் முதல் உள்ளோரம் வரை ஐந்து பாதையில் ஓடினார்கள். ஒருகாலத்தில் தூங்கவைத்த தளம் ஓட்டுநர்களே விரும்பும் தளமானது. 2023 பிப்ரவரி 26இல் கைல் புஷ் ஜெயித்த பந்தயம்தான் கடைசி. நிலத்தில் பெரும்பகுதியை விற்றார்கள், அங்கே அரை மைல் தளம் வரும் என்றார்கள். தளத்தை இடித்தாயிற்று, அரை மைல் இன்னும் வரவில்லை. சின்னத் தளம் வேண்டும் என்று கேட்ட எங்கள் வாயை வைத்தே ஒரு முதிர்ந்த தளத்தை இடித்ததுபோல எனக்கு ஓர் உறுத்தல்.

அட்லாண்டாவிலும் ஏறக்குறைய இதுதான். 1997இல் போட்ட தாரை 2017இல் மாற்றப்போகிறார்கள் என்றதும் ஓட்டுநர்கள் வேண்டாம் என்று கேட்டார்கள், நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022க்கு முன் மாற்றிவிட்டார்கள், வளைவின் சாய்வை 28 டிகிரிக்கு உயர்த்திக் குட்டி டேட்டோனா ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில் அங்கே டேனியல் சுவாரெஸ், ரயன் பிளேனி, கைல் புஷ் மூவரும் ஒரே வரிசையில் கோட்டைத் தொட்டது கண்கொள்ளாக் காட்சி, மறுக்கவில்லை. ஆனால் கூட்டமாக முட்டி மோதி ஓடும் பந்தயம் ஏற்கெனவே டேட்டோனாவிலும் டலடேகாவிலும் வருடத்துக்கு நான்கு உண்டு. அட்லாண்டாவில் மட்டும் கிடைத்த அந்தத் தேய்மானப் பந்தயம் போனது போனதுதான்.

சாலைத் தளங்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, கொஞ்சம் இறுகியிருக்கிறது. 2025இல் ஆஸ்டின், மெக்சிகோ சிட்டி, சொனோமா, சிகாகோ, வாட்கின்ஸ் கிளென், சார்லட் உள்தளம் என்று ஆறு சாலைப் பந்தயங்கள். ஐந்தை ஜெயித்தவர் நியூசிலாந்துக்காரர் ஷேன் வான் கிஸ்பெர்கன். 2023இல் சிகாகோ மழையில் முதல் கப் பந்தயத்திலேயே ஜெயித்த மனிதர். பிரேக்கும் கியரும் அவர் கையில் பாடும், அவர் ஓட்டுவதை நான் ரசித்துப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஆறும் வேறொரு தொழில். மெக்சிகோவுக்கு இடம் விட அந்த ஆண்டு சின்னத் தளமான ரிச்மண்டின் இரண்டு தேதிகளில் ஒன்று போனது. 36இல் சாலைத் தளம் நான்கு போதும் என்பது என் அபிப்பிராயம். சொனோமா, வாட்கின்ஸ் கிளென், ஆஸ்டின், பிறகு ஆண்டுக்கு ஒரு புது இடம். பிரிஸ்டலில் மண்ணைக் கொட்டியதும் மூன்று ஆண்டோடு நின்றது, நல்லது. மண் பந்தயத்துக்கென்று பிறந்த தளங்கள் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ஓவல்களில் சின்னத் தளங்கள் கூட வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அதை விடவில்லை. வரிசைதான் மாறியிருக்கிறது. முதலில் தேயும் டயர், அதை அடக்க ஓட்டுநர் திணறும் அளவுக்கு எஞ்சின் பலம், அதன் பிறகு தளம். 2026க்கு ஒன்றரை மைலுக்குக் குறைந்த தளங்களில் 670 குதிரைத்திறனை 750 ஆக்குவதாக அறிவித்தார்கள். பத்து வருடம் முன்னால் செய்திருக்க வேண்டியது. தார் போடுவதையும் அட்டவணை மாற்றத்துக்குச் சமமான முடிவாகப் பார்க்க வேண்டும். ஒரு தளத்துக்கு மறுதார் போட்டால் அதன் பந்தயத்தை ஏழெட்டு ஆண்டுக்கு அடகு வைக்கிறோம். டார்லிங்டனுக்கு 2008 பந்தயத்துக்கு முன் போட்ட தார் பழைய குணத்துக்கு வர எத்தனை வருடம் பிடித்தது என்று அங்கே போகிறவர்களுக்குத் தெரியும். ஒன்றரை மைல் தளங்கள் வயதாகட்டும், யாரும் கைவைக்க வேண்டாம். ஊர்களின் தேதியைப் பிடுங்குவது மட்டும் எந்தக் கணக்கிலும் சரியென்று எனக்குப் படவில்லை. எது நல்ல பந்தயம் தரும் என்று இரண்டு வருடத்துக்கு முன்கூட்டியே சொல்ல முடிந்தவர் யாரும் இல்லை. அப்படியிருக்க, ஒரு ஊர் ஐம்பது வருடம் காத்த வாரத்தை எதை நம்பிப் பிடுங்குவது?

2026 அட்டவணையில் எங்கள் சார்லட் அக்டோபர் பந்தயம் உள்தளத்தை விட்டு முழு ஓவலுக்குத் திரும்புகிறது. ஒருகாலத்தில் இதைக் கேட்டுக் கோபப்பட்டிருப்பேன், இப்போது ஆவலாக இருக்கிறது. சிகாகோலேண்டும் திரும்ப வருகிறது. ஜூலையில் நார்த் வில்க்ஸ்பரோவில் புள்ளிப் பந்தயம், 1996க்குப் பிறகு முதல் முறையாக. சீட்டு வாங்கிவிட்டேன், இரண்டு. பெரியவருக்கு இப்போது படி ஏறுவது கஷ்டம், கீழ் வரிசையில் கம்பிவலைக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிறேன். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அவர் வெள்ளிக்கிழமையே போய்விட வேண்டும் என்கிறார். ஏன் என்று கேட்டேன். 2024இல் போட்ட தார் மூன்று கோடை பார்த்திருக்கும், நிறம் கறுப்பிலிருந்து இறங்க ஆரம்பித்திருக்கிறதா என்று கார்கள் ஏறுவதற்கு முன் ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டுமாம்.